வன்னியிலிருந்து அயன்மண்டலத்தைப் படம் பிடித்தல்: இருமீடிறன் வாங்கி முதல் குறுக்குவெட்டுப் படம் வரை

காந்த மத்தியகோடு (புவியின் காந்தக் கோடுகள் கிடையாக இருக்கும் கோடு) இலங்கைத் தீவின் குறுக்காகப் போகிறது. வன்னி அதற்கு மிக அண்மையில் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெற் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும் இதே காரணம்தான்: காந்த மத்தியகோட்டின் மேலுள்ள வானத்தைக் கிட்ட நின்று அளக்க வேண்டும். பகலில் இங்கே அயன்மண்டலத்தில் (உயர வளிமண்டலத்தில் இலத்திரன்கள் அணுக்களிலிருந்து பிரிந்து நிற்கும் படலம்) உருவாகும் இலத்திரன்கள் மின்புலத்தால் மேலே தூக்கப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே வடக்கும் தெற்குமாக வழிந்து, இந்தியாவின் மத்திய பகுதிக்கு மேல் குவிகின்றன. பொழுது பட்டதும் அடியிலிருந்து இலத்திரன் குறைந்த வெற்றுக் குமிழிகள் கிளம்புகின்றன. கிளிநொச்சியில் ஒரு நல்ல கூரையும் இருமீடிறன் வாங்கி (செய்மதிச் சமிக்ஞையை இரண்டு மீடிறன்களில் பெறும் கருவி) ஒன்றும் இருந்தால், தெற்கே புவி மத்தியகோட்டை அண்டியும் வடக்கே ஐதராபாத்தின் அகலாங்கு வரையும் இதைப் பார்க்கலாம்.

தரவு சேர்ப்பது எளிது. சேர்த்த தரவிலிருந்து கருவியின் சொந்தப் பிழையைப் பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

எதை அளக்கிறோம்

செய்மதியிலிருந்து வரும் வானொலி அலையை அயன்மண்டலத்தின் இலத்திரன்கள் தாமதிக்கச் செய்கின்றன. தாமதம் மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு:

தாமதம் (மீற்றர்) = 40.3 × டெக் ÷ மீடிறன்²

டெக் என்பது செய்மதிக்கும் வாங்கிக்கும் இடையே ஒரு சதுர மீற்றர் குறுக்குவெட்டுள்ள குழாயில் இருக்கும் இலத்திரன்களின் மொத்த எண்ணிக்கை. ஒரு சதுர மீற்றருக்கு 10¹⁶ இலத்திரன் என்றால் ஒரு டெக் அலகு. ஜிபிஎஸ் செய்மதி அனுப்பும் இரண்டு அலைகளில் எல்1 (1575.42 மெகாஹேட்ஸ்) ஒரு அலகுக்கு 16.2 சென்ரிமீற்றர் தாமதிக்கும், எல்2 (1227.60 மெகாஹேட்ஸ்) 26.7 சென்ரிமீற்றர் தாமதிக்கும். வித்தியாசம் 10.5 சென்ரிமீற்றர். ஆகவே இரண்டு தூர அளவீடுகளுக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடு இருந்தால் அது 9.52 டெக் அலகு. செய்மதியின் தூரம், கடிகாரப் பிழை, மேகத்திலுள்ள நீராவி எல்லாம் இரண்டு மீடிறனுக்கும் பொதுவானவை. கழிக்கும்போது தாமாகவே போய்விடும்.

படி 1: பொருட்கள்

- இருமீடிறன் வாங்கி. யூ-புளொக்ஸ் செட்-எஃப்9பி பலகை தொடக்கத்துக்குப் போதும். பதப்படுத்தாத அளவீடுகளை வெளியே தருகிறதா என்பதுதான் முக்கியம். இடத்தை மட்டும் சொல்லும் வாங்கியால் இந்த வேலைக்குப் பயனில்லை.
- எல்1, எல்2 இரண்டையும் பிடிக்கும் அன்ரனா, அதன் அடியில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உலோகத் தட்டு.
- ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி, 64 ஜிகாபைட் அட்டை.
- 12 வோல்ற், 20 அம்பியர்-மணி பற்றரி, 50 வாற்று சோலர் பனல், சார்ஜ் கட்டுப்படுத்தி.
- நீர் புகாத பெட்டி, மின்னல் காப்பு, நிலத்தொடுப்புக் கம்பி.

வாங்கியும் சிறு கணினியும் சேர்ந்து 2 முதல் 3 வாற்று எடுக்கும். நாளொன்றுக்கு 70 வாற்று-மணி என்று வையுங்கள். பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் வெயிலே இல்லாமல் ஒன்றரை நாள் ஓடும். மாரியில் இது போதாமல் போகலாம். கார்த்திகை, மார்கழியிலும் விடாமல் ஓட வேண்டுமென்றால் பற்றரியை இரட்டிப்பாக்குங்கள். பனலைப் பெரிதாக்குவதால் மூட்டமான நாட்களில் அவ்வளவு பயன் வராது.

வாங்கி வானொலி அலையைப் பெறுவது மட்டுமே, எதையும் ஒலிபரப்பாது. ஆனாலும் கருவியை வெளிநாட்டிலிருந்து வருவிக்கும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நடைமுறையைக் கேளுங்கள். கம்பம் நடும் முன் கிராம அலுவலரிடம் சொல்லி வையுங்கள். பெட்டியும் வயரும் பனலுமாகத் தனியே ஒன்று நின்றால், அது என்னவென்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: இடமும் கம்பமும்

கொன்கிரீட் மேல்தட்டு உள்ள கட்டடம் முதல் தெரிவு. அது இல்லையென்றால் திறந்த வளவில் இரண்டு அங்குலக் கல்வனைஸ் குழாயை, இரண்டடிச் சதுரமும் மூன்றடி ஆழமும் உள்ள கொன்கிரீட்டில் நடுங்கள். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் தோண்டுங்கள். இதில் ஊகத்துக்கு இடமில்லை.

தகரக் கூரையில் அன்ரனாவை வைக்க வேண்டாம். தகரம் அலையைத் தெறிக்க வைக்கும். நேராக வந்ததும் தெறித்து வந்ததும் கலந்து தூர அளவீட்டில் அரை மீற்றர் வரை ஆட்டம் வரும். அது ஐந்து டெக் அலகு. இரணைமடு போன்ற பெரிய குளத்தின் கட்டில் வைத்தால் திறந்த வானம் கிடைக்கும், ஆனால் தாழ்ந்த செய்மதிகளின் அலை நீர்ப்பரப்பில் தெறித்து வரும். நீர் நிறைந்த வயலும் அப்படித்தான். விதைப்புக்கு முன்னும் பின்னும் தரவின் தரம் மாறினால் கருவியைச் சந்தேகிக்கும் முன் வயலைப் பாருங்கள். பனை மரம் ஒன்றிரண்டு பெரிய தடையில்லை. மழையில் நனைந்த அடர்ந்த மாமரமும் பாலை மரமும் சமிக்ஞையை அறுக்கும்.

இங்கே கம்பத்தைக் கெடுப்பவை: சோளகக் காற்று மாதக்கணக்கில் ஆட்டி ஆணிகளைத் தளர்த்தும், குரங்கு வயரைக் கடிக்கும், மயில் அன்ரனாவின் மேல் குந்தும், கறையான் பெட்டிக்குள் புற்றெடுக்கும். வயரை முழுவதுமாகக் குழாய்க்குள் விடுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் கம்பத்தின் வடபுறத்தில், பனலின் நிழலில் கட்டுங்கள். வாங்கியின் உள்ளகப் பிழை வெப்பத்தோடு மாறும்; வெயில் நேரே படும் பெட்டியில் அந்த மாற்றம் அயன்மண்டலத்தின் பகல் ஏற்றத்தைப் போலவே வேடம் போடும். வரண்ட செம்மண் மின்னலை நன்றாகக் கடத்தாது, எனவே நிலத்தொடுப்புக் கம்பியை ஈரம் நிற்கும் பக்கமாக, முடிந்தவரை ஆழமாக இறக்குங்கள்.

படி 3: பதிவு

செக்கனுக்கு ஒரு முறை பதியுங்கள். அன்றாட வரைபடத்துக்கு 30 செக்கன் இடைவெளி போதுமென்று பல வழிகாட்டிகள் சொல்லும். மத்தியகோட்டு வானத்துக்கு அது போதாது. காரணம் அடுத்த படியில் தெரியும். ஏறத்தாழ 60 சமிக்ஞைகளைப் பதிந்தால் நாளொன்றுக்கு 170 மெகாபைட் வரும். வாங்கியின் தொடர் இணைப்பு இயல்பாக 38400 வேகத்தில் இருக்கும். அதை 115200 அல்லது அதற்கு மேல் ஏற்றுங்கள் அல்லது யூஎஸ்பி வழியே எடுங்கள். இல்லாவிட்டால் செய்மதிகள் கூடும் நேரத்தில் சில செக்கன்கள் தவறும். பிறகு அது சமிக்ஞை அறுந்ததுபோலத் தோன்றும்.

கோப்பை மணிக்கு ஒன்றாக வெட்டுங்கள், மின் போனால் ஒரு மணித்தியாலம் மட்டுமே கெடும். நேரம் ஜிபிஎஸ் நேரமாக இருக்கட்டும். அது உலகப் பொது நேரத்தைவிட 18 செக்கன் முந்தியது, இலங்கை நேரம் அந்தப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் வருவது. மூன்றையும் கலந்து குழம்புவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஆர்டிகேலிப் மென்பொருளால் கோப்பை ரைனெக்ஸ் என்ற பொதுத் தரவு வடிவத்துக்கு மாற்றுங்கள். எல்2-இல் எந்த வகைக் கோட் (தூரம் அளக்கச் செய்மதி அனுப்பும் குறியீட்டுத் தொடர்) பதிவானது என்பதைத் தலைப்புப் பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்9பி எல்2சி கோட்டை மட்டுமே பிடிக்கும். பழைய ஜிபிஎஸ் செய்மதிகள் அதை அனுப்புவதில்லை, ஆகவே வானத்திலுள்ள எல்லா ஜிபிஎஸ்ஸும் உங்களுக்கு உதவாது.

படி 4: கோட்டையும் அவத்தையையும் இணைத்தல்

கோட் அளவீடு முழு டெக்கையும் தரும், ஆனால் இரைச்சல் அதிகம். காவி அலையின் அவத்தை (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது) மிகத் துல்லியமானது, இரைச்சல் ஒரு அலகின் நூற்றிலொரு பங்கு அளவில்தான். ஆனால் அது மாற்றத்தை மட்டும் தரும், தொடக்கப் பெறுமானம் தெரியாது. அயன்மண்டலம் கோட்டைப் பிந்தச் செய்து அவத்தையை முந்தச் செய்வதால் கழிக்கும் வரிசை மாறுகிறது: கோட்டில் எல்2 கழித்தல் எல்1; அவத்தையில் எல்1 கழித்தல் எல்2. இரண்டும் மீற்றரில்.

ஒரு செய்மதி உதித்து மறையும் வரையான தொடர்ச்சியான வில்லில் இரண்டு வளையிகளுக்கும் உள்ள சராசரி இடைவெளியைக் கண்டு, அவத்தை வளையியை அந்த அளவு தூக்கி வையுங்கள். சராசரியில் உயரமான கோணங்களுக்கு அதிக நிறை கொடுங்கள்; ஏற்றக்கோணத்தின் (அடிவானத்திலிருந்து செய்மதி நிற்கும் கோணம்) சைன் வர்க்கம் நல்ல நிறை. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த வில்லை இந்த இணைப்புக்கு நம்ப வேண்டாம்.

இனி அவத்தை வழுக்கல். வாங்கி ஒரு கணம் பூட்டை இழந்தால் அவத்தை முழுச் சுற்றுகளாகத் தாவும். எல்1-இல் ஒரு சுற்று 19.0 சென்ரிமீற்றர், அதாவது 1.8 அலகு, இது கண்ணுக்கே தெரியும். இரண்டு மீடிறனும் ஒவ்வொரு சுற்று வழுக்கினால் தாவல் 0.5 அலகு மட்டும். எல்1-இல் ஒன்பதும் எல்2-இல் ஏழும் வழுக்கினால் வித்தியாசம் வெறும் மூன்று மில்லிமீற்றர். டெக் வளையியில் எதுவுமே தெரியாது. அதனால் கோட்டையும் அவத்தையையும் சேர்க்கும் மெல்போர்ன்-வுபேனா சேர்க்கையையும் கூடவே பாருங்கள். அதில் இதே வழுக்கல் இரண்டு அகலச் சுற்றுகளாக (இரண்டு மீடிறன்களையும் சேர்த்து வரும் நீண்ட அலையின் சுற்றுகள்), 1.7 மீற்றராக, வெளிப்படும்.

ஆயத்த மென்பொருள்கள் வன்னியில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். குமிழி ஒன்று கடந்து போகும்போது சில நிமிடங்களில் டெக் 20, 30 அலகு விழுந்து எழும். 30 செக்கன் தரவில் அடுத்தடுத்த இரு புள்ளிகளிடையே மூன்று அலகு இடைவெளி வரலாம், மென்பொருள் அதை வழுக்கல் என்று எண்ணி வில்லைத் துண்டு துண்டாக வெட்டும், குறுகிய துண்டுகளை வீசும். எதைப் பார்க்க வந்தோமோ அதுவே அழிந்துவிடும். செக்கனுக்கு ஒரு புள்ளி இருந்தால் அதே குமிழியின் சரிவு செக்கனுக்கு 0.1 அலகுதான். அரை அலகுத் தாவலை வழுக்கல் என்று துணிந்து சொல்லலாம்.

படி 5: வன்பொருள் பக்கச்சாய்வு

செய்மதியின் மின்சுற்றிலும் வாங்கியின் மின்சுற்றிலும் இரண்டு மீடிறன்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. இந்த வேறுபாடுதான் பக்கச்சாய்வு, அது நனோசெக்கன் கணக்கில் இருக்கும். ஒரு நனோசெக்கன் 2.85 டெக் அலகு.

செய்மதிகளுக்கான பெறுமானங்களைச் சீன அறிவியல் கழகம் நாள்தோறும் வெளியிடுகிறது. கோட் வகை பொருந்த வேண்டும்: எல்2சி பதிந்த தரவுக்கு ஜிபிஎஸ்ஸின் பழைய பி2 கோட்டின் பெறுமானத்தைப் போடக் கூடாது. குறியையும் கவனியுங்கள். வெளியிடப்படும் எண் முதல் மீடிறன் கழித்தல் இரண்டாவது. நாம் எடுப்பது எல்2 கழித்தல் எல்1. அதனால் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும்:

டெக் = 9.52 × (எல்2 கழித்தல் எல்1 + செய்மதிப் பக்கச்சாய்வு + வாங்கிப் பக்கச்சாய்வு), எல்லாம் மீற்றரில்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட் வித்தியாசம் 6.40 மீற்றர், செய்மதி −5.0 நனோசெக்கன், அதாவது −1.50 மீற்றர், வாங்கி +8.0 நனோசெக்கன், +2.40 மீற்றர். மொத்தம் 7.30 மீற்றர், சாய்வு டெக் (சாய்ந்து வரும் கதிரின் வழியிலான அளவு) 69.5. ஏற்றக்கோணம் 40 பாகை என்றால் நிலைக்குத்தாக, அதாவது நேர் மேலே பார்க்கும் அளவாக மாற்றினால் 48.6 (மாற்றும் முறை படி 6-இல்). செய்மதியின் குறியை மட்டும் மாற்றிப் போட்டால் நிலைக்குத்து 68.5 வரும். இரண்டு விடையுமே நம்பக்கூடிய எண்கள். பார்த்தவுடன் எது பிழை என்று சொல்ல முடியாது. அதுதான் ஆபத்து.

வாங்கியின் பக்கச்சாய்வை நீங்களே காண வேண்டும். அதிகாலை 3 முதல் 5 மணி வரையான தரவை மட்டும் எடுங்கள், ஏற்றக்கோணம் 40 பாகைக்கு மேல். ஒரு பெறுமானத்தை ஊகித்து எல்லாச் செய்மதிகளின் நிலைக்குத்து டெக்கையும் கணியுங்கள்; அவற்றிடையே சிதறல் மிகக் குறையும் பெறுமானமே விடை. −30 முதல் +30 நனோசெக்கன் வரை 0.1 படியாக ஓட்டினால் போதும். பகல் தரவில் இதைச் செய்ய வேண்டாம். இங்கே வடக்கு நோக்கும் கதிரும் தெற்கு நோக்கும் கதிரும் பகலில் உண்மையாகவே வேறு வேறு அளவு காட்டும். சிதறலைக் குறைக்கும் முறை அந்த உண்மை வேறுபாட்டைப் பக்கச்சாய்வுக்குள் திணித்துவிடும். பத்து நாள் விடைகளின் நடுப்பெறுமானத்தை எடுங்கள். அன்ரனாவையோ வயரையோ மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து.

படி 6: நிலைக்குத்தாக்கி வரைபடமிடல்

அயன்மண்டலம் முழுவதும் 450 கிலோமீற்றர் உயரத்தில் மெல்லிய ஓடாக இருக்கிறது என்று கொண்டு, கதிர் ஓட்டைத் துளைக்கும் புள்ளியையும் சாய்வுக் காரணியையும் கணிக்கிறோம். 30 பாகையில் காரணி 1.70, துளைப்புள்ளி கிளிநொச்சியிலிருந்து 670 கிலோமீற்றர் தொலைவில். ஓட்டை 350 கிலோமீற்றருக்கு இறக்கினால் அதே கதிரின் புள்ளி 540 கிலோமீற்றருக்கு வந்துவிடும். மாலையில் இங்கே படலம் உயரே கிளம்பும், பின் இரவில் இறங்கும். ஆக ஓடு என்பது வசதிக்கான கற்பனை. வரைபடத்தில் 100 கிலோமீற்றருக்கும் குறைந்த அமைப்பொன்று ஓரங்களில் தெரிந்தால் அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

பைதானில் ஒரு பாகைக் கட்டங்களாக, வடக்கு 1 முதல் 18 பாகை, கிழக்கு 72 முதல் 89 பாகை வரை, 15 நிமிடத்துக்கு ஒரு படம் போடுங்கள். தரவில்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். மென்மையாக நிரப்பிய படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் பாதி மென்பொருளின் கற்பனை.

படி 7: அசையாத கண்

இந்தப் பகுதிக்கென்றே வாய்த்த ஒரு வசதி இருக்கிறது. சீனாவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பான பெய்டோவின் நிலைப்புச் செய்மதிகளுக்கான (புவியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பவை) இடங்களில் ஒன்று கிழக்கு 80 பாகை. கிளிநொச்சியும் அதே நெட்டாங்கில்தான். அந்தச் செய்மதி தெற்கே 79 பாகை உயரத்தில், அசையாமல் நிற்கும். அதன் துளைப்புள்ளி வவுனியா நகருக்குச் சற்றுத் தெற்கே. ஜிபிஎஸ் செய்மதி நகர்ந்துகொண்டே இருப்பதால் நேர மாற்றமும் இட மாற்றமும் கலந்து வரும். இங்கே இட மாற்றம் இல்லை. வவுனியாவுக்கு மேல் நாள் முழுக்க இலத்திரன் ஏறி இறங்குவதை ஒரே கோட்டில் பார்க்கலாம். எஃப்9பி பிடிக்கும் பெய்டோவின் பி1, பி2 மீடிறன்களுக்கு மாற்றுக் காரணி 9.52 அல்ல, 8.99. அவை இரண்டையும் சேர்த்து அனுப்புபவை பழைய பெய்டோ-2 செய்மதிகள் மட்டுமே. சமிக்ஞை வராவிட்டால் பி3 பிடிக்கும் வாங்கி வேண்டும். செய்மதி அசையாததால் தெறிப்பும் மாறாமல் நிற்கும், சராசரியில் கழியாது. எனவே இதன் மாற்றத்தை நம்புங்கள், மொத்த அளவை நம்ப வேண்டாம்.

மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இன்னும் இரண்டு வாங்கிகள் வைத்தால் குமிழியின் வேகத்தையே அளக்கலாம். இரண்டுக்கும் கிழக்கு-மேற்கு இடைவெளி 99 கிலோமீற்றர். பங்குனி, சித்திரை, புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இரவு 7 மணிக்குப் பின் பாருங்கள். மன்னார் வளையியில் வந்த பள்ளம் 14 நிமிடம் கழித்து முல்லைத்தீவில் வந்தால் குமிழி செக்கனுக்கு ஏறத்தாழ 120 மீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. அகலாங்கில் உள்ள சிறு வித்தியாசம் பொருட்டல்ல. குமிழி வடக்கு-தெற்காக நீண்டு கிடப்பது.

படி 8: உயரவாரியான படம்

வன்னியில் மட்டும் எத்தனை வாங்கி வைத்தாலும் உயரத்தைப் பிரிக்க முடியாது. 100 கிலோமீற்றர் அகலத்திலிருந்து புறப்படும் கதிர்கள் 400 கிலோமீற்றர் உயரத்தில் போதிய கோணத்தில் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. வடக்கு-தெற்காக நீண்ட சங்கிலி வேண்டும். சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையின் (உலகெங்கும் வழிகாட்டிச் செய்மதித் தரவைச் சேர்க்கும் அமைப்பு) நிலையங்கள் கொழும்பு (எஸ்ஜிஓசி), பெங்களூர் (ஐஐஎஸ்சி), ஐதராபாத் (எச்ஒய்டிஈ) ஆகிய இடங்களில் உள்ளன. தரவை நாசாவின் சிடிடிஐஎஸ் களஞ்சியத்தில் இலவசமாகப் பதிவு செய்து எடுக்கலாம். கொழும்பு 6.9, கிளிநொச்சி 9.4, பெங்களூர் 13.0, ஐதராபாத் 17.4: ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் நான்கு கண்கள். நடுவில் வன்னி இல்லாவிட்டால் கொழும்புக்கும் பெங்களூருக்கும் இடையே ஆறு பாகை வெற்றிடம், அதுவும் சரிவு தொடங்கும் இடத்திலேயே.

அகலாங்கு 0 முதல் 24 வரை ஒரு பாகை, உயரம் 100 முதல் 1000 கிலோமீற்றர் வரை 50 கிலோமீற்றர் என்று பிரித்தால் 432 கட்டங்கள். 15 நிமிட இடைவெளியில், வடக்கு-தெற்குத் தளத்துக்கு 25 பாகைக்குள் வரும் கதிர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கதிர் செல்லும் நீளத்தைக் கணியுங்கள். தொடக்க ஊகமாக ஐஆர்ஐ மாதிரியின் (அயன்மண்டலத்தின் சராசரி நிலையைச் சொல்லும் சர்வதேச மாதிரி) இலத்திரன் அடர்த்தியைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கதிருக்கும் அளந்த டெக்கை ஊகித்த டெக்கால் வகுத்து, அந்த விகிதத்தால் கதிர் கடந்த கட்டங்களை நீளத்துக்கேற்பப் பெருக்குங்கள். தளர்வுக் காரணி (ஒவ்வொரு திருத்தத்திலும் எவ்வளவு பங்கை ஏற்பது என்பது) 0.2, சுற்றுகள் 20 அளவில். இன்னும் ஓட்டினால் இரைச்சல் படமாகத் தொடங்கும். 1000 கிலோமீற்றருக்கு மேலுள்ள இலத்திரன்களும் அளவீட்டில் சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கழிக்காவிட்டால் இரவுப் படத்தின் மேற்பகுதி ஊதிப்போகும்.

உண்மைத் தரவைப் போடும் முன் ஒரு சோதனை கட்டாயம். நீங்களே ஒரு குமிழியை வரைந்து, அதனூடாகக் கதிர்களை விட்டுப் பொய்த் தரவு உண்டாக்கி, அதைத் திருப்பிக் கட்டிப் பாருங்கள். வரைந்த குமிழி திரும்பி வராத உயரத்தில், உண்மைத் தரவு காட்டும் எதையும் சொல்லாதீர்கள். கிடைமட்டக் கதிர் ஒன்றும் இல்லாததால் உச்ச உயரம் பெரும்பாலும் ஐஆர்ஐ சொன்னபடியேதான் வரும். அதைத் திருத்த 2019 ஜூன் 25 அன்று ஏவப்பட்ட கொஸ்மிக்-2 செய்மதிகளின் மறைப்பு அளவீடுகளை (ஜிபிஎஸ் செய்மதி புவியின் விளிம்பில் மறையும்போது கிடைமட்டமாக வரும் அலையில் எடுப்பவை) சேருங்கள். ஆறும் தாழ்ந்த அகலாங்குகளுக்கு மேல் சுற்றுவதால் இந்தப் பகுதிக்கு நல்ல தரவு கிடைக்கும்.

படி 9: பிழை பிடித்தல்

- அதிகாலையில் டெக் எதிர்மறையாக வந்தால் பக்கச்சாய்வு பிழை. இலத்திரன் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போகாது.
- ஒரே செய்மதியின் அலைவு அடுத்த நாள் நான்கு நிமிடம் முந்தி, அதே வடிவில் வந்தால் அது தெறிப்பு. ஜிபிஎஸ் பாதை 23 மணி 56 நிமிடத்தில் திரும்பும். அயன்மண்டலம் அப்படித் திரும்பாது.
- உச்சம் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் வராமல் காலை 9 மணியை ஒட்டி வந்தால் நேர வலயத்தைப் பாருங்கள். ஐந்தரை மணி விட்டுப்போயிருக்கும்.
- எல்லாச் செய்மதிகளிலும் ஒரே அளவு தாவல் ஒரே கணத்தில் வந்தால் வாங்கி மீளத் தொடங்கியிருக்கிறது.
- சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையின் உலக டெக் வரைபடத்தோடு ஒப்பிடும்போது 2 முதல் 8 அலகு வித்தியாசம் இயல்பு. அந்த வரைபடத்தின் கட்டம் அகலாங்கில் 2.5, நெட்டாங்கில் 5 பாகை. அது குமிழியைக் காட்டாது. உங்கள் படத்தில் குமிழி இருந்து அதில் இல்லையென்றால் உங்கள் படம் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நேரத்தில் நிமிடத்துக்கான டெக் மாற்றத்தின் ஐந்து நிமிடச் சிதறலைக் கணியுங்கள், 0.5-ஐத் தாண்டி, இரண்டு மூன்று செய்மதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக வந்தால் அது குமிழிதான்.